ஆடித்தபசுக்குள் நூறு டப்பா

தென்காசி,
ஆடி 28

அன்பு மகள் யோகலட்சுமிக்கு,

அம்மா எழுதிக்கொண்டது. நீயும் மாப்பிள்ளை விஜயசங்கரும் ரோட்டர்டாமில் சுகமாக இருக்க இலஞ்சிக் குமாரரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான் சுகம், அப்பா சுகம், சாரலும் சுகமாகப் பெய்துகொண்டிருக்கிறது, ஐந்தருவிப் பக்கம் கார் நிறுத்த இடமில்லையாம். தினமும் வீடியோவில் பார்க்கிறோமே, இப்போது எதற்கு லெட்டர் என்று நினைப்பாய். வீடியோ என்றால் அப்பா நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள், போன் என்றால் ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார்கள். இது அவர்கள் காதில் விழக் கூடாத விஷயம். அதனால்தான் கோவிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மண்டபத்துத் தூண் ஓரமாக உட்கார்ந்து, இந்த வயதில் காதல் கடிதம் எழுதுகிறவள் மாதிரி இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சித்திரை விசு அன்று நீ போட்ட பந்தயம் நினைவிருக்கும். மறந்திருக்க மாட்டாய், வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை கணக்குக் கேட்டவள்தானே. ஆடித்தபசுத் திருநாளுக்குள் நூறு டப்பா தேயிலை விற்றால் நீ வாயைத் திறக்க மாட்டாய், விற்காவிட்டால் நாங்கள் ஆரம்பிக்கிற ஆன்லைன் கடையை மூடி, வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நாங்கள் உன்னோடு வந்துவிட வேண்டும். ஆர்டர் வந்தால் மட்டும் போதாது, டப்பா கஸ்டமர் கையில் போய்ச் சேர்ந்தால்தான் கணக்கு என்று ஒரு சட்டம் வேறு. நானும் யூடியூப் பார்த்து நாலே நாளில் வெப்சைட் போட்டேன், அப்பா புளியறை தாண்டி ஆரியங்காவுக்கு மேலே இருக்கும் சின்னத் தோட்டத்துக்கே நேரே போய் முதல் கொழுந்துத் தேயிலையை வாங்கி வந்தார்கள். உன் மாடி அறைதான் இப்போது சரக்கு வைக்கிற கிட்டங்கி, ஏனென்றால் இந்த வீட்டில் சாரலுக்கு ஈரம் ஏறாத அறை அது ஒன்றுதான். தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளுமாம், அதனால் பேக்கிங் நாளில் நான் பெருங்காயம் பொரிக்கக் கூடாது, சாம்பிராணி போடக் கூடாது, தலைக்குப் பிச்சிப்பூ கூட வைக்கக் கூடாது. உப்புச்சப்பில்லாத ரசத்தைக் குடித்துக்கொண்டு உயர்ந்த மணமுள்ள தேயிலை விற்கிறோம். இதில் நான் இன்னும் திருட்டுத்தனமாகக் காப்பிதான் குடிக்கிறேன், அதை நீ அப்பாவிடம் சொல்லாதே.

ஆனாலும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை யோகா. ரிட்டயர் ஆன பிறகு இரண்டு வருஷமாகப் பேப்பரைக் கூட விரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர், இப்போது போனில் டிங் என்று ஆர்டர் விழுந்தால் குளித்துக்கொண்டிருந்தாலும் எந்த ஊர் என்று குரல் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு பார்சலையும் கூரியர்காரர் இசக்கிதுரையிடம் கொடுக்கும்போது, வாசலை விட்டுக் கிளம்புகிறதைப் போ என்று சொல்லக் கூடாதாம், போயிட்டு வா என்று ஒரு தட்டுத் தட்டித்தான் அனுப்புவார்கள். நானும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன். வந்த வினையைக் கேள். தபசுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரே நேரத்தில் இருபத்தாறு பார்சல் சேர்ந்துபோய், லேபிள் அடிக்கிற மிஷினும் மக்கர் பண்ணிவிட்டது. அப்பா, நான் எதற்கு இருக்கிறேன் என்று பேனாவை எடுத்தார்கள். தாலுகா ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் மனு வாங்கிய கை. மேலே முதலில் அனுப்புநர் என்று போட்டு நம் பெயர், கதவு எண், தெரு, பின்கோடு எல்லாம் கொட்டை எழுத்தில். கீழே மிச்சமிருந்த இடத்தில் பெறுநர் பொடி எழுத்தில். அதற்கும் கீழே, பொருள்: தேயிலை டப்பா அனுப்புதல் தொடர்பாக. நான் பார்க்கவில்லை, அடுப்படியில் இருந்தேன். கூரியர்காரர்கள் பெரிதாகத் தெரிந்த முகவரியைப் பார்த்திருக்கிறார்கள். ஐந்தாம் நாள் மழையில் நனைந்துகொண்டு இசக்கிதுரை வேனை வாசலில் நிறுத்தி, "அண்ணாச்சி, இருபத்தாறும் ஒங்களுக்குத்தான் வந்திருக்கு. யாரு இம்புட்டுப் பாசமா அனுப்புதா?" என்று கேட்டார். அப்பா காலி டப்பா லோடு என்று நினைத்து இருபத்தாறு இடத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள்.

எனக்கு வயிறு வலிக்கிற அளவுக்குச் சிரிப்பு. ஆனால் அப்பா சிரிக்கவில்லை. சாயங்காலம் பார்த்தால் பரணில் இருந்த பெரிய பெட்டியை இறக்கி ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். "யோகாகிட்டயே போயிருவோம் லோகா. ஒரு அட்ரஸ் எழுதத் தெரியல, எனக்கென்ன யாவாரம்" என்று சொன்னார்கள். அதைக் கேட்டதும் என் சிரிப்பெல்லாம் போய்விட்டது. உன்னோடு இருக்கக் கசக்கிறது என்று நினைக்காதே. தோற்று வந்த மனிதராக அவர்களை அங்கே அழைத்து வர எனக்கு மனசில்லை, அவ்வளவுதான். மறுநாள் காலை உட்கார்ந்து இருபத்தாறு பேருக்கும் நானே போன் போட்டு நடந்ததை நடந்தபடி சொன்னேன். கோயம்புத்தூரில் ஒருவர் மட்டும் கோபப்பட்டு வேண்டாம் என்றுவிட்டார். மற்றவர்கள் எல்லாரும் என்னைவிட அதிகமாகச் சிரித்துவிட்டு, திரும்ப அனுப்பச் சொன்னார்கள். கடையத்து லேடி டாக்டர் ஒருவர், அந்தப் பொருள் எழுதிய லேபிளோடுதான் வேண்டும், ஃபிரேம் போடப்போகிறேன் என்று இன்னும் இரண்டு டப்பா சேர்த்துக் கேட்டார்.

கடைசியில் இருந்தது மன்சூர். உன்னோடு காலேஜில் படித்து, இப்போது வேளச்சேரியில் வேலை பார்க்கிற நம்ம ஊர் மன்சூர்தான். ஆறு டப்பா ஆர்டர் போட்டிருந்தான், எவ்வளவு நல்ல பிள்ளை என்று பெருமையாக இருந்தது. போனில் விஷயத்தைச் சொன்னதும் அவன் சிரிக்கிற சிரிப்பில் வாய் தவறி, "யம்மா, எனக்கு டீயே பிடிக்காது. யோகாதான் போடச் சொன்னா, ஒங்ககிட்ட சொல்லிராதன்னா" என்று உளறிவிட்டான். நான் விடுவேனா, துருவித் துருவிக் கேட்டேன். "அப்பா இந்த வருசந்தான் நல்லா சிரிக்காவளாம், அது நின்னுரக் கூடாதுன்னு சொன்னா" என்றான். ஏட்டி, எங்களை அங்கே கூப்பிட்டுக்கொள்ள நீயே பந்தயம் போட்டுவிட்டு, அதில் தோற்பதற்கு நீயே ஆர்டரும் போட்டாயா? போனை வைத்துவிட்டு உன் அறையில் டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன், எதை எப்போது செய்தேன் என்று எனக்கே தெரியாது.

தபசு அன்று அப்பா வீடியோவில் நூற்று நாலு என்று சொன்னதும் நீ வாயில் கைவைத்து ஆச்சரியப்பட்டாயே, அந்த நடிப்புக்கு உனக்குத் தங்க மெடலே கொடுக்கலாம். ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறது. உன் ஆறைக் கழித்தால் தொண்ணூற்றெட்டு, பந்தயப்படி நாங்கள் தோற்றவர்கள். நேற்று வரைக்கும் கணக்கு நூற்று முப்பத்தொன்றைத் தொட்டுவிட்டது, பெட்டியும் பரணுக்கே ஏறிவிட்டது, இனிமேல் கிளப்பினால் உன் அப்பா என்னைத்தான் வாடகைக்கு விடுவார்கள். ஆகவே நாங்கள் வருவதாக இல்லை. நீ செய்ததை அப்பாவிடம் சொல்லப்போவதும் இல்லை, மன்சூரிடமும் வாயைத் திறக்காதே என்று சொல்லிவிட்டேன். குளிருக்குக் காதை மூடிக்கொள், மாப்பிள்ளையை ராத்திரியில் தயிர் சாப்பிட விடாதே. கவரில் உன் முகவரியைத்தான் கொட்டை எழுத்தில் எழுதுகிறேன், நம் முகவரி பின்பக்கம் எறும்பு அளவுக்கு இருக்கும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். உன் ஆறு டப்பாவும் வேளச்சேரிக்குப் போய்ச் சேர்ந்ததாகத்தான் அப்பாவின் கணக்கு, ஆனால் நான் அதைத் திரும்ப அனுப்பவே இல்லை. உன் அறை அலமாரியில் உன் ஸ்கூல் புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். மூடியின் அடியில் அடுத்த ஜூன் வரைக்கும்தான் மணம் நிற்கும் என்று அச்சடித்திருக்கிறது, அதற்குள் நீயே வந்து எடுத்துக்கொள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஏர்போர்ட் வாசலில் அப்பா உன் முதுகிலும் இப்படித்தான் ஒரு தட்டுத் தட்டி, போயிட்டு வா என்று சொல்லி அனுப்பினார்கள். டப்பாக்கள் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பி வந்துவிட்டன. நீதான் பாக்கி.

தீர்க்காயுளோடு, சிரித்த முகத்தோடு இரு.

இப்படிக்கு,
உன் அம்மா
லோகநாயகி