தூரத்துக் குரல் ஒன்று வேண்டும்

என் அருமைக் கலை,

நம் விண்ணப்பத்தை மறுபடியும் தள்ளி வைத்துவிட்டார்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல செய்தி வரும் என்று நீ காத்திருக்கக் கூடாது.

உனக்குத் தெரிந்த கதைதான். இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகத் திரும்பச் சொல்கிறேன். வீட்டில் அடிபடும் தமிழ்ப் பெண்களுக்காக இங்கே அமெரிக்காவில், பிரிட்ஜ்வாட்டரில் நாம் இருவரும் ஒரு சின்ன அமைப்பு தொடங்கினோம். நம்மிடம் வந்த சாந்தி (அவள் பெயர் அதுவல்ல), கணவன் தன்னை நெருங்கக் கூடாது என்று உத்தரவு கேட்டு நீதிமன்றம் போனாள். நீதிபதி வருவதற்குள், போனில் இருந்த தமிழ் மொழிபெயர்ப்பாளர் பிரியமாகப் பேச்சுக் கொடுத்தார். "எந்த ஊரும்மா?" அவள் தாராபுரம் என்றாள். "அட, நம்மூருப் பொண்ணு! யாரு வூடுங்க?"

அவ்வளவுதான். இவரும் இந்தப் பக்கத்திலேயே இருப்பவர், நாளைக்கே இங்குள்ள நம்மவர்களுக்கெல்லாம் தெரிந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. நீதிபதி கேட்டபோது, "ஒண்ணுமில்லீங்க, சின்னச் சண்டைதான்" என்றாள். வழக்கு தள்ளுபடி. அவள் அதே வீட்டுக்குத் திரும்பினாள்.

அந்த மனிதர் கெட்டவரில்லை. நாமும் முதலில் அதைத்தானே கேட்போம்? அன்றைக்குத்தான் நீ உட்கார்ந்து எழுதினாய்: கேட்பவருக்கு வேறு மாநிலத்திலிருந்து மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும். நீதிமன்ற விதியில் ஒரே ஒரு வரி. அது நிறைவேறும்வரை உன் உடம்பு உன்னை உயிரோடு இருக்க விடவில்லை.

போன வாரம் விதிகளைத் திருத்தும் குழுவின் முன் நான் தனியாகப் போய் நின்றேன். "இது அவ்வளவு பரவலான பிரச்சினையா?" என்று மரியாதையாகக் கேட்டார்கள். வாயை மூடிக்கொண்டு வீடு திரும்பியவர்களை எப்படிக் கொண்டுவந்து காட்டுவது, கலை? நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

வெளியே வந்து காரிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். விலகிக்கொள்கிறேன் என்று மற்ற தன்னார்வலர்களுக்கு ஒரு மெயில் எழுதினேன், அனுப்பவில்லை. அன்று மாலை உன் மகள் நிலா வந்தாள்.

"சித்தி, யூ லுக் டெரிபிள். ஜஸ்ட் ஸ்டாப்."

"உங்கம்மா நிறுத்தினாளாடி?"

"அம்மா நெவர் ஸ்லெப்ட். ப்ளீஸ் டோன்ட் காப்பி தட்."



நேற்று சாந்தியின் வழக்கு மறுபடி வந்தது. ஆம், அவள் இரண்டாம் முறை மனு கொடுத்திருக்கிறாள், தற்காலிக உத்தரவும் வாங்கியிருக்கிறாள். நான் பின் வரிசையில் இருந்தேன். இந்த முறை போனில் ஒரு பெண் குரல். "வணக்கம்மா, நீங்க கோயமுத்தூர்ப் பக்கமா? பேச்சுலயே தெரியுதே!" நீதிபதி உள்ளே வந்ததும் சாந்தி கையைத் தூக்கினாள்.

"ஜட்ஜ் மேடம், ஐ வான்ட் டிஃபரன்ட் பர்சன்."

"உங்கள் மொழிதானே பேசுகிறார்?" என்று நீதிபதி ஆங்கிலத்தில் கேட்டார்.

"எஸ் மேடம். தட் இஸ் தி ப்ராப்ளம். நாட் மை பீப்பிள், ப்ளீஸ்."

நீதிபதிக்குப் புரியச் சற்று நேரமானது. பிறகு விசாரணையை ஆறு வாரம் ஒத்திவைத்தார். வேறு மாநிலத்திலிருந்து ஒருவரை ஏற்பாடு செய்யச் சொன்னார். அதுவரை தற்காலிக உத்தரவு நீடிக்கும். விதி எதுவும் மாறவில்லை. ஒரு நீதிபதி ஒரு பெண்ணுக்குக் காது கொடுத்தார், அவ்வளவே. அடுத்து வருபவளுக்கு இப்படிக் கை தூக்கத் தைரியம் இருக்குமா?

வெளியே வந்ததும் சாந்தி, "பசிக்குதுங்கக்கா" என்றாள். இட்லி வாங்கிக் கொடுத்தேன்.

பெரிய வாக்குறுதி எதுவும் என்னிடம் கேட்காதே, கலை. எனக்கு அலுத்துவிட்டது, நிஜமாகவே. ஆறு வாரம் கழித்து சாந்தியை நீதிமன்றத்துக்கு நான்தான் கூட்டிப்போவேன். அவள் சொல்லி முடிக்கும்வரை பின் வரிசையில் இருப்பேன். இப்போதைக்கு அது மட்டும் உறுதி. இன்றிரவு தூங்கப் போகிறேன்.

உன் மகளின் சித்தி,
உமா