உன் நைனாவுக்கு ஆகாத ஊசி

தெனாலி

என் கண்ணு பிரமீளாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் நன்றாக இருக்க கன்யகா பரமேஸ்வரி துணை.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, உன் நைனா சாகாமலே நான் அவருக்கு ஒப்பாரி வைத்துவிட்டேன். குடலிறக்க ஆபரேஷனுக்குச் சேர்த்தோம் இல்லையா, மயக்க மருந்து டாக்டர் முதலிலேயே நீங்க கோமுட்டிங்களான்னு கேட்டிருக்கிறார். பெயருக்குப் பின்னால் இருந்த செட்டியை வெட்டி எறிந்த வீரர் ஆயிற்றே உன் நைனா, ஊசிக்கு எதுக்குய்யா ஜாதி, நான் மனுசன், குத்துன்னு சொல்லிவிட்டார். குத்தினார்கள். ஆபரேஷன் முடிந்தும் மூச்சு வரவில்லை. அந்தப் புண்ணியவான் ரப்பர் பையை அமுக்கி அமுக்கி மூச்சு ஊட்டிக்கொண்டிருக்க, நான் கதவைத் தள்ளிக்கொண்டு போய், மாமன்னு கட்டிக்கிட்டு என்ன சுகத்தைக் கண்டேன், ஒரு சினிமாவுக்குக்கூடக் கூட்டிட்டுப் போகாத மனுசான்னு மாரில் அடித்துக்கொண்டேன். பொழுது சாயத்தான் மூச்சு வந்தது. மறுநாள் உன் நைனா, ஏண்டி, சங்கராந்திக்குப் போனோமே, அது சினிமா இல்லாம என்னான்னு கேட்டார். மயக்கம் தெளிந்தும் அசைய முடியாமல் கிடந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

அந்த ஊசி உடம்பை மரக்கட்டையாக்கி விடுமாம், மற்றவர்களுக்கு ரத்தத்தில் இருக்கிற ஒரு சத்து அதை உடனே கரைத்துவிடுமாம், நம் ஜனங்களில் சிலருக்கு அந்தச் சத்து பிறவியிலேயே கிடையாதாம். அக்கா மகளையும் மாமன் மகனையும் கட்டிக்கட்டி அந்தக் குறையை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டோம் என்றார் டாக்டர். என் ரத்தத்திலும் குறைச்சல்தானாம், அப்புறம் உனக்கு எங்கிருந்து வரும்.

அதற்குப் பிறகு உன் நைனா சரியாகச் சாப்பிடுவதில்லை. நீ முகம் பார்க்காத உன் அண்ணன் நாகபூஷணம் தொண்டைச் சதை எடுக்கப் போய் மூச்சு திரும்பாமலே போனானே, அவனும் இப்படித்தான் கிடந்தானா, நாம அழுததெல்லாம் அவன் காதுல விழுந்திருக்குமான்னு கேட்கிறார். நான் பருப்புச் சட்டியைக் கழுவப் போய்விட்டேன்.

பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆபரேஷன்தான் என்று எழுதியிருந்தாய். அந்த ஊரில் நீ யார் எவர் என்று ஒருத்தரும் கேட்பதில்லை என்று பெருமையாகவும் எழுதியிருந்தாய். கேட்கமாட்டார்கள் தாயே, நீயாகவே சொல். நம் ஜனங்களைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும், அதனால் மருந்தின் பெயரை டாக்டர் கையாலேயே எழுதி வாங்கி இந்த உறைக்குள்ளே வைத்திருக்கிறேன். முதலில் ரத்தத்தைச் சோதிக்கச் சொல். மாப்பிள்ளையும் அந்தப் பெயரை மனப்பாடம் செய்யட்டும், நீ வாய் திறக்க முடியாமல் கிடந்தால் சொல்ல ஆள் வேண்டும். தாய் வேறு பிள்ளை வேறாக நல்லபடியாகப் பிரிந்து, மஞ்சள் குங்குமத்தோடு நூறு வருசம் இரு. சோதித்ததும் ஒரு வரி போடு, அதுவரை இங்கே யாருக்கும் தூக்கம் இல்லை.

உன் அம்மா
கோட்டேஸ்வரம்மா

உறை ஒட்டும் முன் இன்னொன்று. உன் நைனா இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார். காலையில் சவரக் கடை நாற்காலியில் உட்கார்ந்ததும், எனக்கு அந்த ஊசி மட்டும் ஆகாதுன்னு சொல்லியிருக்கிறார். கத்தி வைத்திருந்தவர் திடுக்கிட்டதில் காதோரம் கொஞ்சம் வெட்டுப்பட்டது. பஞ்சு வைத்திருக்கிறோம்.