சூடு இல்லாத தரை

வியாழன், இரவு. தூக்கம் வரவில்லை.

போன வாரம் வில்லாபுரம் வீட்டு மொட்டைமாடியில், மதிய வெயிலில், எதையும் முன்கூட்டி யோசிக்காமல் ஆடிப் பார்த்தேன். தோழி மீனா செல்போனில் எடுத்தாள். பாட்டின் ஓரிடத்தில் என் பாதங்கள் தரையில் நிற்காமல் துடித்தன. அதையே என் தனி நடனத்தின் உச்சமாக வைத்துக்கொண்டு, வீடியோவைப் பார்த்துப் பார்த்து அப்படியே பழகினேன்.

இன்று ஒத்திகை மண்டபத்தில் ஆடிக் காட்டினேன். மீனா உதட்டைப் பிதுக்கினாள்.

"மாடில அம்புட்டு நல்லா இருந்துச்சுடி. இங்க சும்மா நடிக்கிற."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எதையுமே மாத்தலடி. அதேதான் ஆடுறேன்!"

"அங்க கால் சுட்டுச்சு. இங்க என்னடி சுடுது?"

அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் வெயிலை மனப்பாடம் செய்திருக்கிறேன்.

பாட்டை மறுபடி போடச் சொன்னேன். அந்த இடம் வந்ததும் காலை அதன் போக்கில் விட்டேன். டைல்ஸ் தரை ஜில்லென்றிருந்தது. கால் எழவே இல்லை. பாட்டு முடியும்வரை அப்படியே நின்றேன். மீனா வீடியோ எடுக்கவே மறந்துவிட்டாள்.

சனிக்கிழமை நிகழ்ச்சி. அந்த மேடை மரப்பலகையாம். அதில் கால் என்ன செய்யும் என்று தெரியவில்லை. தெரியாமலே ஏறப்போகிறேன்.