வரிசையில் நின்ற அறுபத்து மூன்று முடிவுகள்

14-10-2024, திங்கள்
இன்றும் மத்தியானம் நெட் போனது. அந்த இருபது நிமிடத்தில் அனுப்பிய ரத்தப் பரிசோதனை முடிவுகள் ஏழு, யாருக்கும் போய்ச் சேரவில்லை. நிர்மலாதேவி டாக்டர் என் மேசைக்கே வந்துவிட்டார். "பிளசி, தர்மபுரியில நாம லேப் வச்சிருக்கறதே சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் அன்னிக்கே ரிசல்ட் போவணும்னுதான். ஏதாச்சும் பண்ணுங்க."
கம்ப்யூட்டர் பார்க்க இங்கே நான் ஒருத்திதான்.

15-10
ஒரு மென்பொருள் கிடைத்தது. ஒவ்வொரு முடிவையும் ஒரு கோப்பாக சர்வரில் ஒரு ஃபோல்டரில் வைத்துக்கொள்ளும். வரிசைப்படி ஒவ்வொன்றாக எடுத்து, நோயாளிக்கும் நர்சுக்கும் மெசேஜ் அனுப்பும். நெட் இல்லாவிட்டால் காத்திருக்கும். போய்ச் சேர்ந்தால்தான் கோப்பை அழிக்கும்.
நிறுவும்போது ஓர் இடத்தில் கேட்டது: ஒரு கோப்பு போகவில்லை என்றால் எத்தனை முறை முயல வேண்டும்? ஐந்து என்று இருந்தது. அதற்குப் பிறகு ஓரமாக ஒதுக்கிவிடுமாம். ஒதுக்கினால் யார் பார்ப்பது? 'வரம்பு இல்லை' என்று மாற்றினேன். ஒரு முடிவுகூடத் தொலையக் கூடாது.

16-10
கேபிளைப் பிடுங்கிச் சோதித்தேன். காத்திருந்தது. மாட்டியதும் நின்றிருந்த பன்னிரண்டு முடிவுகளும் போயின. அப்பாடா. ஆனாலும் காரிமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்வரை போனில் சர்வரையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

18-10
எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. இன்று ஃபோல்டரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

21-10, திங்கள்
எழுதினாலாவது மனம் அடங்குமா, பார்க்கிறேன்.
மூன்றே முக்காலுக்கு ஏரியூர் கிளினிக் நர்ஸ் ரோசம்மா கூப்பிட்டார். "காலையில மொத பஸ்ல குடுத்தனுப்புன ரத்தமுங்க. பூவிழின்னு, ஏழு மாச கர்ப்பிணி. காய்ச்சல். இன்னும் ரிசல்ட் வரலீங்களே?"
ஃபோல்டரைத் திறந்தேன். அறுபத்து மூன்று கோப்புகள். பதினொன்றே காலிலிருந்து ஒன்றுகூட நகரவில்லை. முதலில் நின்றது கிருஷ்ணப்பன் என்ற பெரியவருடையது. அவரிடம் போன் இல்லை. எண் எழுதும் இடத்தில் வெறும் கோடு. கோட்டுக்கு எப்படி மெசேஜ் போகும்? அடுத்ததைத் தொடாமல் அதையே திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது — வரம்பில்லாமல். நான் சொன்னபடி.
பூவிழியின் கோப்பு ஒன்பதாவது. பிளேட்லெட் ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டும். இருந்தது இருபத்திரண்டாயிரம். டெங்கு சோதனையும் பாசிட்டிவ்.
அதை ரோசம்மாவிடம் படித்துச் சொன்னேன். "அய்யோ மாதாவே! மூக்குல ரத்தம் வருதுன்னு இப்பத்தான் வந்து உக்காந்திருக்குது அந்தப் புள்ள. போன வைங்க, ஆம்புலன்சக் கூப்பிடறேன்."
கிருஷ்ணப்பனின் கோப்பை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினேன். மற்றதெல்லாம் இரண்டு நிமிடத்தில் போய்விட்டன. இரண்டே நிமிடம்.
"நெட் போயிருச்சா?" என்று டாக்டர் கேட்டார்.
ஆமாங்க என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேன்?

22-10
பூவிழியைத் தர்மபுரியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். "பிளேட்லெட் ஏத்தறாங்க. இப்ப ஒன்னும் சொல்ல முடியாதுன்னுட்டாங்க" என்றார் ரோசம்மா.
வரம்பை மூன்றாக்கினேன். மூன்று முறை போகாவிட்டால் ஒதுக்கிவிட்டு எனக்குத் தகவல் தரும். எண் இல்லாத முடிவு இனி வரிசைக்குள் நுழையவே நுழையாது. எல்லாம் இப்போது செய்து என்ன?

23-10
யாரும் கேட்கப் போவதில்லை. கேட்டாலும் நெட்தான். நெட் வந்து இல்லையென்றா சொல்லப்போகிறது? ஆனால் 'ஆமாங்க' என்று சொன்னது நான்தானே. அந்தப் பெண் செத்துப்போனால்?

24-10
சொல்லிவிட்டேன்.
டாக்டர் கையிலிருந்த ரிப்போர்ட்டைக் கீழே வைத்தார். பிறகு, "நாலு மணி நேரம், பிளசி" என்றார். "எல்லாம் உங்க தப்புன்னுட்டு நான் தப்பிச்சுக்க முடியாது. பிளேட்லெட் இவ்ளோ கொறைஞ்சிருந்தா உடனே போன் பண்ணிச் சொல்லணும்னு லேப்ல ஒரு வழக்கத்த நான் வெக்கல. இனி மெசேஜ் போனாலும் போவாட்டியும் கூப்பிட்டுச் சொல்லணும். ஆனா, எங்கிட்டயே நெட்டுன்னு சொன்னீங்க பாருங்க..."
முடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

26-10
பூவிழிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாம். பிளேட்லெட் எழுபதாயிரம். குழந்தையின் துடிப்பும் நன்றாக இருக்கிறதாம். பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே அழுதேன். என்னைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

9-11, சனி
ஏரியூர் போனேன். ரோசம்மா வழி சொல்லியிருந்தார். வீட்டு முன்னால் உட்கார்ந்து பூவிழி கடலைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் யாரென்று சொன்னேன். நடந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் கணவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.
அவள் கையிலிருந்த காயை முறத்தில் போட்டாள். "மத்தியானம் வரைக்கும் மெசேஜ் வரலீங்களா, அப்ப ஒன்னுமில்லன்னு நெனச்சு வூட்டுல துணி தொவைச்சிட்டிருந்தனுங்க."
பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.
எழுந்தபோது, "உங்க நம்பரக் குடுங்க" என்று போனை எடுத்தாள். "அடுத்த வாரம் மறுக்கா ரத்தம் குடுக்கணும். மெசேஜெல்லாம் வேண்டாங்க. நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்க."
சொன்னேன். உடனே என் பைக்குள் போன் அடித்தது.
"சரியான நம்பர்தானான்னு பாத்தனுங்க" என்றாள்.