அம்மா ஏன் போனைத் திருப்பிக் கொடுக்கிறாள்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே இருவரும் நலம் என்று எழுதப் பழகிய கை தானாக எழுதப் பார்த்தது, பாதிதான் உண்மை என்பதால் நிறுத்திக்கொண்டேன். மாடிக் குழாய் ஒழுகியதைச் சரிசெய்தாகிவிட்டது. உன் அத்தை முழங்கால் வலியோடு படியேறி வந்து இரண்டு நாள் தங்கி, நான் போட்ட காபியைக் குறை சொல்லிவிட்டுப் போனாள். மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா? குளிர்காற்றில் காதை மூடாமல் வெளியே போக வேண்டாம் என்று சொல்.

போன வாரம் நீ கேட்டாயே, அம்மாவுக்கு என் மேல் கோபமா, போனைக் கொடுத்தால் சரி சரி என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு உங்களிடமே தந்துவிடுகிறாளே என்று. கோபமெல்லாம் இல்லை, கண்ணு. நீ பேசுவது அவளுக்குக் கேட்கவில்லை. இடது காது ஒரு வருடமாகவே மந்தம், வலதும் இப்போது அதன் பின்னாலேயே போகிறது. குட்டி புதிதாகப் பேசுகிற பேச்சு, அதுவும் அந்த மெல்லிய குரலில், ஒரு சொல்கூட அவள் காதில் விழுவதில்லை. உனக்குத் தெரியக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று உனக்கே தெரியும்.

போன மாதம் மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தார். பேருந்து நிலையத்துக்கு எதிரே மூக்குக் கண்ணாடியும் காதுக் கருவியும் விற்கிற கடைக்கு இருவரும் போனோம். உன் குரலும் குட்டியின் குரலும் கேட்கப் போகிறது என்று அம்மா எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். கடைக்காரர் எனக்கு நாற்காலி போட்டார், அம்மா நின்றாள். எந்தக் காது என்று என்னைக் கேட்டார். இடது என்று அம்மா சொன்னாள், தொலைபேசி நிலையத்தில் இருபத்தாறு வருடம் அந்தக் காதில்தான் ஹெட்போனை மாட்டியிருந்தேன் என்றும் சொன்னாள். அவர் என்னைப் பார்த்து அப்படியா சார் என்றார். எத்தனை நாளாக, உள்ளே இரைச்சல் இருக்கிறதா, எல்லாக் கேள்வியும் என்னிடமே. அவள் காதுக்குள் இரைச்சல் இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் பதில் சொன்னேன். பிறகு கைக்குழந்தையிடம் பேசுவதுபோலக் குனிந்து, கேக்குதாம்மா கேக்குதா என்று அவளிடம் கத்திவிட்டு, கல்லாவில் இருந்தவரைப் பார்த்துக் கண்ணடித்தார். அம்மா இரண்டு காதுக்கும் என்ன விலை என்று கேட்டாள். அதற்கும் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்: "ஒண்ணு போதும் சார். வீட்டுல இருக்கறவங்க, யார்கிட்ட பேசப் போறாங்க?"

அது மட்டும் அவளுக்கு ஒழுங்காகக் கேட்டது. சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். ஊரில் பாதிப் பேர் இவள் இணைப்புக் கொடுத்துத்தான் ஒருவரோடொருவர் பேசினார்கள், ஹலோ என்றாலே ஆள் யாரென்று சொல்லிவிடுவாள், அவளைப் பற்றி இப்படிக் கேட்டான் அந்த ஆள். அன்றிலிருந்து வேறு கடைக்கும் வர மாட்டேன் என்கிறாள், இதுவரை கேட்டது போதும் என்கிறாள். வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தால் நான் சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்றுதான் பேச வேண்டியிருக்கிறது.

ஒளித்து அனுப்ப மனம் வராமல், இதுவரை எழுதியதை அவளிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். சத்தியத்தை மீறியதற்குத் திட்டு விழும் என்று காத்திருந்தேன். தாளைத் திருப்பிக் கொடுத்து, "நீங்க சிரிச்சத எழுதலையே" என்றாள்.

ஆமாம், பாப்பா. அவன் அப்படிக் கேட்டதும் நான் சிரித்தேன். எதிரில் இருப்பவர் சிரித்தால் கூடச் சிரித்துவைக்கிற சிரிப்புதான், அதில் ஒன்றுமில்லை என்று ஒரு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கடைக்காரன் யாரோ, அவன் பேச்சு அவன் கடையோடு போயிற்று, நீங்கள் என்னோடு வீட்டுக்கு வந்தீர்களே என்கிறாள். அவளிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று தொண்டை வரைக்கும் வந்தது. மெதுவாகச் சொன்னால் அவளுக்குக் கேட்காது. கத்திச் சொல்கிற சொல்லா அது? அதனால் இங்கே எழுதுகிறேன், உறையை ஒட்டுவதற்கு முன் இன்னொரு தரம் வாங்கிப் படிப்பாள். தப்பு என்னுடையதுதான். மன்னித்துவிடு.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். அம்மா எப்படி இருக்கிறாள் என்று இனிமேல் என்னிடம் கேட்காதே. அவள் பெயர் போட்டு அவளுக்கே தனியாக எழுது, மறந்துவிடாதே.

உன் அப்பா