யாரும் பாடாத நாலாவது வரி

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் சுகம், நீயும் சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. நீ மேடையில் பாடிய நம் கல்குவாரிப் பாட்டை இங்கே எல்லோரும் போனில் கேட்டோம், மேஸ்திரிக்கு ஒரே பெருமை. ஆனால் நாலாவது வரியில் நீயாக வார்த்தை போட்டுவிட்டாயே அம்மா. அங்கே சும்மா நின்றால் பாட்டு முடிந்ததென்று கைதட்டிவிடுகிறார்கள் என்றாய், அதிலும் நியாயம் இருக்கிறது. பாட்டை மாற்றவே கூடாது என்கிற ஆள் நானில்லை, இரண்டாவது வரியில் மேஸ்திரியின் தொப்பையைச் சேர்த்ததே நான்தான். நாலாவது வரி மட்டும் நம்முடையது இல்லை. அங்கே நாம் வாயை மூடிக்கொள்வோம், சுத்தியல் மட்டும் விழும், பாறை சரிந்து உள்ளே புதைந்து போனவர்கள் பாடுவார்கள். உன் சித்தப்பாவும் அப்படிப் போனதிலிருந்து சித்தி அந்த ஒரு வரிக்காகத்தான் தினமும் குவாரி ஓரத்தில் வந்து உட்காருவாள், கேட்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள்.

இப்போது பையன்கள் எல்லாம் உன் வரியைத்தான் பாடுகிறார்கள். நான் சத்தம் போட்டதும் நிறுத்தினார்கள், ஆனால் வெறும் சுத்தியல்தான் கேட்டது. சித்தி பாறையில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "அவரு இங்க இல்ல மாமா" என்றாள். அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மனசு ஆறட்டும் என்று நேற்று உன் பாட்டை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். நாலாவது வரி வந்ததும் போனைப் பிடுங்கிக்கொண்டாள். உன் குரலுக்கு அடியில் ஒரு ஆண்குரல், நீ மேலே பாடுவதால் வார்த்தை பிடிபடவில்லை. கூடப் பாடியது யாரென்று நேற்று உன்னிடம் கேட்டேனே, அதற்குத்தான். "நான் தனியாத்தான்ப்பா பாடினேன், தபேலாக்காரர் வாயே திறக்கல" என்றாய். போனில் சொன்னால் தனியாக இருக்கும் நீ பயந்துவிடுவாய் என்றுதான் இதை எழுதுகிறேன். சித்தியோ சிரிக்கிறாள். "இங்க அவருக்கு இடமில்லாமப் போச்சு, நம்ம புள்ளகிட்டப் போயிட்டாரு" என்கிறாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று.

உன் அடுத்த கச்சேரிக்கு அவள் ரயில் ஏறி வருகிறாள், முன்வரிசையில் உட்கார வை. வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு தூங்காதே. எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உன்னோடு உண்டு. மறந்துவிடாதே, நாலாவது வரியில் வாயைத் திறக்காதே. உன் பின்னால் அவன் ஆரம்பித்தால் திரும்பிப் பார்க்காதே, பயமாக இருந்தாலும் நில். அவன் என்ன சொல்கிறான் என்று அவள் கேட்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா