வர்க்கலைப் பெட்டியில் தலைகீழாய்க் கிடந்த பாறை

என் செல்ல அண்ணாவுக்கு,

நீ போய் ஆறு மாதம் ஆகிறது. கரமனை வீட்டுப் பின்கட்டில் உன் பாறைப் பெட்டிகள் அப்படியே இருக்கின்றன. தூசி தட்டக்கூட மனசு வராமல் இருந்தவள், நேற்று ஒன்றைத் திறந்தேன். திறக்காமலே இருந்திருக்கலாம்.

வர்க்கலைக் குன்றின் மேல் லாட்ஜ் கட்டுவதற்கு முன் நாம் துளை போட்டு எடுத்தோமே, அந்தப் பெட்டி. அன்று உனக்குக் காய்ச்சல். குழாயிலிருந்து வந்த பாறைத் துண்டுகளை நான்தான் அடுக்கினேன். மேல்மட்டம் இடது கைப்பக்கம் தொடங்க வேண்டும், அதுதான் நம் வழக்கம். "நீ வெச்சா சரியாத்தான் இருக்கும்டி, நான் வேற பாக்கணுமா?" என்று சொல்லி அறிக்கையில் கையெழுத்துப் போட்டாய். உன்னை யார் என்னை அவ்வளவு நம்பச் சொன்னது?

நேற்று ஒரு மணற்பாறைத் துண்டைக் கழுவினேன். எத்தனையோ லட்சம் வருஷத்துக்கு முன் அங்கே கடல் இருந்தபோது ஏதோ ஒரு புழு குடைந்த வளை, லாடம் மாதிரி தெளிவாகத் தெரிந்தது. புழு மேலேயிருந்து இறங்கி, அடியில் வளைந்து, மறுபடி மேலே வரும். இங்கே வளைவு மேலே இருந்தது. அடுத்த துண்டிலும் அப்படியே. பெட்டி முழுக்கத் தலைகீழ், அண்ணா. ஆழத்தில் இருப்பதாக நாம் எழுதிய, நனைந்தால் வழுக்கும் களிமண், லாட்ஜ் அஸ்திவாரத்துக்கு நேர் கீழே இருக்கிறது.

இன்று காலை ஓடிப்போய்ப் பார்த்தேன். அங்கே சமையல் செய்யும் நாகர்கோவில்காரி செல்வி பின்புறம் கூட்டிப்போய்த் தரையைக் காட்டினாள்.

"போன வாரம் வெடிப்புல விரல்தான் போச்சு சேச்சி, இப்பம் கையே நுழையுது கேட்டேளா. மொதலாளிட்ட சொன்னா, பேடிக்கண்டா, பயப்படாத, ஜியாலஜி ரிப்போர்ட் உண்டுன்னு சொல்லுதாரு."

அவர் காட்டும் ரிப்போர்ட் நம்முடையதுதான். வெடிப்புக்கு இரண்டடி தள்ளி அவள் பிள்ளைகள் படுக்கும் பாய் விரித்தபடி கிடந்தது. இங்கே இருக்காதே என்றேன். "பின்ன எங்க போவேன்?" என்றாள்.

உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றதும் அண்ணி வேண்டாம் என்று அழுகிறாள். "போனவர் பேரை இழுக்காதேடி. அவர் வந்து பதில் சொல்லுவாரா?" வெளியே மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது.

இதை எழுதி முடித்ததும் கலெக்டர் ஆபீசுக்குப் போகிறேன். அடுக்கியவள் நான் என்று அங்கே சொல்வேன், எல்லாரும் படிக்கும்படி இந்தக் கடிதத்திலும் எழுதிவிட்டேன். ஆனாலும் கையெழுத்து உன்னுடையது. உன்னைத்தான் திட்டுவார்கள். நீ என்னை மன்னிக்காவிட்டாலும் சரி, இந்த மழை விழுவதற்குள் அந்தப் பிள்ளைகளைக் குன்றிலிருந்து இறக்கிவிடுவேன். சத்தியம்.

உன் பேரைக் கெடுக்கப் போகும்,
உன் ஒரே தங்கை